முதல்ல வெள்ளை

“அண்ணே. வெள்ளை. முதல்ல. நீலம். அப்புறம்.”

இஸ்திரி போடும் பெண் இப்படிச் சொன்னதைக் கேட்டுப் புது சூப்பர்வைசர் நின்றுவிட்டார்.

“ஏம்மா, வார்த்தைக்கு இவ்வளவுன்னு காசா கேக்கறாங்க? அவருக்கு உன் அப்பா வயசு. மரியாதையா, முழுசாப் பேச வராதா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தச் சலவை நிலையத்தில் மொத்தம் பதினொரு பேர். சலவை மெஷினைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் மற்றப் பத்துப் பேரும் இப்படித்தான் பேசினார்கள். காலையிலிருந்து சூப்பர்வைசரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. இப்படிப் பேசணும்” என்று மெஷின் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, நீலத் துணியைப் போடறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கற வெள்ளை விரிப்பையெல்லாம் எடுத்துடுங்க.”

அண்ணன் தலையாட்டினார்.

“பாத்தீங்களா? மரியாதை குடுத்தா வேலை தானா நடக்கும்.”

முக்கால் மணி கழித்து அவர் திரும்பி வந்தபோது முப்பத்தாறு வெள்ளை விரிப்புகளும் ஆகாய நிறத்தில் கிடந்தன.

“யார் வேலை இது? இன்னைக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்!”

“நான்தான் சார்” என்றார் துணி மடிப்பவர்.

“இல்ல சார், நான்” என்றாள் இஸ்திரிப் பெண்.

“அவங்க இல்ல, நான்” என்றார் வண்டி ஓட்டுபவர்.

அண்ணன் மூவரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். நெஞ்சில் கை வைத்தார்.

“நான்.”

இஸ்திரிப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது.

“எட்டு மாசம் முன்னாடி பக்கவாதம் சார். கை கால் தேறிடுச்சு. தனித்தனியா வார்த்தை புரியும். நீட்டிச் சொன்னா எது முன்னே எது பின்னேன்னு பிடிபடாது. காதுல முதல்ல விழறதை முதல்ல செஞ்சிடுவார். நீங்க நீலத்தை முதல்ல சொன்னீங்க. துண்டு துண்டாப் பேசச் சொல்லி டாக்டர் சொன்னாரு, பத்துப் பேரும் பழகிட்டோம். வீட்டுக்கு அனுப்பிடாதீங்க சார். வேலையில அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது.”

அதற்குள் அண்ணன் விரிப்புகளை மெஷினில் திணித்திருந்தார். பிளீச்சிங் பவுடரை அளந்து போட்டார். வெந்நீரைத் திறந்தார். மூன்று முறை அலசினார்.

வெளியே வந்ததை இஸ்திரிப் பெண் ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பத்தாறும் வெள்ளை. பத்துப் பேர் போட்ட கூச்சலில் மெஷின் சத்தமே கேட்கவில்லை.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார்.

“அண்ணே. வெள்ளை. பிரமாதம்.”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று மாலை அலுவலகப் படிவம் ஒன்றை சூப்பர்வைசர் நிரப்ப வேண்டியிருந்தது. ‘தவறுக்குக் காரணமானவர் யார்? முழு வாக்கியத்தில் எழுதவும்.’

ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“நான்.”