ஏற்காட்டுக்கு நாலு சைக்கிள்

கோழி கூவுவதற்கு முன்பே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சத்திரத்தின் கொல்லைப்புறமாக நழுவினார் ஞானதுரை. தரையில் உருட்டினால் பின்சக்கரம் டிக்டிக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். யாராவது பார்த்திருந்தால் கட்டிவைத்து உதைத்துவிட்டுத்தான் பெயரையே கேட்டிருப்பார்கள்.

அது அவருடைய சொந்த சைக்கிள்தான். அவர் கடத்திக்கொண்டு போனது தன்னைத்தானே.

ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஞானதுரைக்கு, சைக்கிளிலேயே போய் ஏற்காட்டு ஏரியைப் பார்க்க வேண்டுமென்று வெகுநாள் ஆசை. மூன்று பேரைத் துணை சேர்த்துக்கொண்டு ராயபுரம் ரயிலடியிலிருந்து கிளம்பி, வேலூர், ஊத்தங்கரை, சேலம் என்று மிதித்து மலையடிவாரத்துக்கு வந்தாயிற்று. ஆசை வழியிலேயே எங்கேயோ விழுந்துவிட்டது. குமட்டல் மட்டும்தான் கூடவே வந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பாஸ்கர் எப்போதும் முன்னால் போவான். வாயில் எந்நேரமும் புகையிலை. அவன் துப்புவான், காற்று அதைப் பொறுப்பாகக் கொண்டுவந்து ஞானதுரையின் வெள்ளைச் சட்டையில் சேர்க்கும். கேட்டால், "எதிர்க்காத்து அண்ணாச்சி, நா இன்னா பண்றது" என்பான்.

சுயம்பு அதற்கும் ஒரு படி மேல். திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. கையில் மூக்கைச் சிந்தி ஹேண்டில்பாரில் தடவுவான். அந்த ஈரம் காய்வதற்குள் அதே கையால் கருவாட்டைப் பிய்த்து ஞானதுரைக்கு ஊட்ட வருவான். சுத்தம் சோறு போடும் என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். சோத்தை அது போடட்டும், கருவாட்டை நான் போடறேன் என்று சிரித்தான்.

நேற்று ராத்திரியோடு பொறுமை போயிற்று. கருவாட்டை மூட்டை கட்டி வந்த துண்டை உதறி, முதலில் கழுத்து வேர்வையைத் துடைத்தான் சுயம்பு. பிறகு எல்லோருக்கும் பொதுவான தம்ளரை அதனாலேயே துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டான். இந்தக் கூட்டத்தோடு நின்று பார்த்தால் அந்த ஏரியே ஊசிப்போகும் என்று தோன்றிவிட்டது ஞானதுரைக்கு. ஏரியைத் தனியாகப் பார்ப்பது, தனியாகவே ஊர் திரும்புவது, முடிவு செய்துவிட்டார்.

மனுஷன் என்று சொல்ல அலி அக்பர் ஒருவர்தான் தேறினார். தண்டையார்பேட்டைக்காரர், தோல் மண்டியில் கணக்குப்பிள்ளை. பச்சைத் தோல் மலையாய்க் குவிந்து கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து நிம்மதியாக மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அவரை மட்டும் எழுப்பிக் கூட்டிப்போகலாம் என்றால், அவர் போயும் போயும் அந்த இரண்டு பேரோடு சத்திரத்துக் கூடத்தில் படுத்திருந்தார், சைக்கிள்களையும் உள்ளே ஏற்றிக்கொண்டு.

ஞானதுரையின் படுக்கை எப்போதும் தனி; நேற்று கொல்லைத் தாழ்வாரம். தனித் தம்ளர், மூன்று துண்டு, கார்பாலிக் சோப்பு, நாக்கு வழிக்கச் செம்புத் தகடு என்று அவருடைய பை ஒரு சின்ன ஆஸ்பத்திரி. எழுந்ததும் கிணற்றடியில் நின்று அடிவயிறு வரைக்கும் சுத்தம் செய்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. இன்றைக்கு அதைக்கூட விட்டுக்கொடுத்தார். சத்தத்தில் மூன்று பேரும் எழுந்துவிட்டால் என்ன செய்வது?

வாசலைத் தாண்டும்போது மனசு கேட்கவில்லை. நாலு சைக்கிளுக்கும் ஒரே ஒரு பம்பு. அது அவரிடம் இருந்தது. திரும்பி வந்து அதைப் படியோரம் சாய்த்து வைத்தார். உள்ளே சுயம்புவின் குறட்டைகூடக் கேட்கவில்லை. கர்த்தர் நம் பக்கம் என்று பெடலை மிதித்தார்.

பாதி மிதிப்பும் பாதி தள்ளலுமாக மலை ஏறினார். துரைமார் விட்டுப்போன காப்பித் தோட்டங்களிலிருந்து பூவாசம் வந்தது. முன்னால் யாரும் துப்பவில்லை, பக்கத்தில் யாரும் சிந்தவில்லை. நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து எத்தனை நாளாயிற்று.

நன்றாக விடிந்தபோது, ஒரு கொண்டை ஊசி வளைவில் டீக்கடை தெரிந்தது. அதன் முன்னால் மூன்று சைக்கிள்கள். ஒன்றின் ஹேண்டில்பாரில் கருவாட்டு மூட்டை ஆடிக்கொண்டிருந்தது.

பெஞ்சில் இருந்த மூவரும் அவரைப் பார்த்ததும் தம்ளர்களைப் பாதியில் நிறுத்தினார்கள். பாஸ்கர் புகையிலைச் சாற்றை விழுங்கியே விட்டான்.

ஞானதுரைக்கு முதலில் திக்கென்றது. அடுத்த நிமிஷம் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கிளம்பியது தற்காப்பு. இவர்கள் கிளம்பியது துரோகம். சத்திரத்துப் படியில் பம்பு அநாதையாய் நிற்பது நினைவுக்கு வராமலில்லை. அதை ஓரம் தள்ளிவிட்டு, மாஜிஸ்திரேட்டு மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"கூட வந்தவனைச் சொல்லாம கொள்ளாம விட்டுட்டு வாறதுக்கு, நான் அப்படி என்னய்யா செஞ்சிட்டேன்?"

பாஸ்கர் சுயம்புவைப் பார்த்தான். சுயம்பு அலி அக்பரைப் பார்த்தான். அலி அக்பர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டு, இன்னும் வாய் வைக்காத தன் டீயை ஞானதுரை பக்கம் தள்ளினார். சொல்ல அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

"கோச்சுக்காத அண்ணாச்சி. நீ நாக்கு வழிக்கிற சத்தம் கேக்காம, ஒரு நாளாச்சும் டீ குடிக்கலாம்னுதான்."