நூற்றுக்குப் பதினெட்டு

"உக்காருங்கம்மா. உங்க பொண்ணு மத்த பாடமெல்லாம் பாஸ். என் பாடத்துலதான் கோட்டை விட்டுட்டா."

விடைத்தாள்கள் ஃபேன் காற்றில் பறக்காமலிருக்க, அவற்றின் மேல் ஒரு கனமான பித்தளைக் கோப்பையை வைத்திருந்தார் வாத்தியார். அதை நகர்த்தி ஒரு தாளை உருவி நீட்டினார். நூற்றுக்குப் பதினெட்டு.

அம்மாவின் முகம் செத்துப்போனது. "வீட்லயும் தொண்டத் தண்ணி வத்தக் கத்தறேன் சார். ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறா."

"அதான் கோளாறே! இவ பக்கத்துல உக்கார்ற பொண்ணைப் பாருங்க. பெஞ்சை விட்டு அசையவே மாட்டா. தொண்ணூத்தெட்டு! நான் நோட்ஸ் கொடுத்த அன்னிக்கு இவ வகுப்பிலேயே இல்லை."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "எங்கடி போயிருந்த?"

மகள் மேஜையைக் காட்டினாள். "அந்தக் கப்பை வாங்கத்தாம்மா. சார்தான் அனுப்பினார்."

கோப்பையில் 'ஓட்டப்பந்தயம் - முதல் பரிசு' என்று பொறித்திருந்தது.

உடற்கல்வி வாத்தியார், கழுத்தில் தொங்கிய விசிலைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார்.

"ஓடிட்டா மட்டும் போதுமாம்மா? ஓடறதால வர்ற நன்மை பத்து எழுதத் தெரிய வேணாமா?"