கரடியின் முதல் பதிவு

காட்டில் ஓர் அணில் வழிகாட்டும் செயலி ஒன்றைச் செய்திருந்தது. எல்லா விலங்குகளும் அதை போனில் ஏற்றிக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் "பிரமாதம்!" என்று அணிலைப் பாராட்டின. தனக்கு மட்டும்தான் அது சரிப்படவில்லை என்று கரடி நினைத்தது. தேனடைக்கு வழி கேட்டு அழுத்தினால், பக்கத்திலுள்ள "ஆபத்து" பொத்தானும் சேர்ந்து அழுந்தி, காப்பாற்றக் குரங்குகள் கூட்டமாக ஓடிவந்துவிடும்.

பொறுக்கமாட்டாமல் கரடி ஒரு வலைப்பூ தொடங்கியது. "பொத்தான்கள் ரொம்பச் சின்னவை. என் கைக்கு இது ஆகாது" என்று எழுதி வெளியிட்ட பிறகுதான் யோசித்தது. அணில் நண்பனாயிற்றே, இனி எப்படி அதன் முகத்தில் விழிப்பது?

காலையில் குகை வாசலில் அணில் நின்றது.

"படிச்சேன் அண்ணே."

கரடி தலையைக் குனிந்துகொண்டது. "கோபமா?"

"கோபமா? இப்பத்தான் அப்பாடான்னு இருக்கு! எல்லாரும் பாராட்டுறாங்க, ஆனா யாரும் செயலியைத் திறக்கிறதே இல்ல. ஏன்னு தெரியாம மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். உங்க பதிவுக்குக் கீழே யானை அக்காவும் காட்டெருமையும் 'எனக்கும் இதே கதைதான்'னு எழுதியிருக்காங்க. கையை நீட்டுங்க, அளவெடுக்கணும்."

கரடி பெருமூச்சு விட்டுக் கையை நீட்டியது. அணில் அந்த உள்ளங்கையில் ஏறி, ஓரத்துக்கு ஓரம் நடந்து பார்த்தது.