கேட்க வந்த ஒரே ஆள்

"முடியாதுன்னு மட்டும் சொல்லிராதீகக்கா. பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு எல்லாம் நான் பாத்துக்கிறேன். தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல புது மன்றத்தை நீங்கதான் திறந்து வைக்கணும்."

ஞானசெல்விக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்திரண்டு நாடுகளில் பஜனை மன்றம் நடத்துகிற சுவாமி, ராயப்பன்பட்டியில் ஒரு ரிட்டயர்டு நர்ஸ் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

"நான் அங்கன வந்து என்ன செய்யப்போறேன் சாமி? ஞாயித்துக்கிழமை சர்ச்சுப் பூசைக்கு நடந்து போயிட்டு வரவே மூச்சு வாங்குது."

"சாமின்னு கூப்பிடாதீக. உங்களுக்கு நான் எப்பவும் நல்லகண்ணுதான்."

பக்கத்தில் பருத்திச் சேலையில் அவருடைய சிஷ்யை, ஒரு பிரேசில்காரப் பெண். சட்டென்று குனிந்து ஞானசெல்வியின் காலைத் தொட்டாள்.

"எங்க ஊர்ல எல்லாருக்கும் உங்களைத் தெரியும், அம்மா" என்றாள், ஒவ்வொரு சொல்லாக.

"என்னையவா?"

"எந்த நாட்டுக்குப் போனாலும் முதல்ல உங்க கதையைத்தானே சொல்றேன்" என்றார் சுவாமி. "நாப்பது வருசமாச்சுக்கா. பஜனை பாடி ஊர் சுத்துறேன்னு எங்கய்யா வீட்டைவிட்டு விரட்டிட்டாரு. ஓடைப்பட்டியில திராட்சைப் பெட்டி அடுக்குற கொட்டகையில ஆர்மோனியத்தோட உக்காந்தேன். வியாழக்கிழமை பஜனைன்னு தெருத்தெருவாச் சொல்லியும் ஒருத்தர் எட்டிப் பாக்கல. அப்ப அங்கன நர்சா இருந்த நீங்க மட்டும்தான் வந்தீக. ஒரு வருசம், ஒரு வியாழன்கூட விடாம."

"மழை பெய்ஞ்சா அந்தத் தகரக் கூரைச் சத்தத்துல பாட்டே கேக்காது. கிட்டக்க வந்து உக்காந்துக்கிருவேன்."

"அழுகுன திராட்சை வாசம் வேற!"

"கொசுவை விட்டுட்டியே தம்பி."

இருவரும் சிரித்தார்கள். சுவாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேதக்கார அக்கா ஒருத்தரே தேடி வந்து கேக்குறாகன்னா, இதுல என்னமோ இருக்குன்னு நம்புனேன். நீங்க வரலைன்னா ரெண்டாவது வாரமே ஆர்மோனியத்தை மூடிட்டு, எங்கய்யா கால்ல விழுந்து, தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போயிருப்பேன்."

"உங்க அம்மா கேக்க வரலையா, சுவாமி?" என்று சிஷ்யை கேட்டாள்.

சுவாமியின் முகம் வாடிவிட்டது.

"ஆத்தா ஒருநாளும் வரல. நாலு தெரு தள்ளித்தான் வீடு. எங்கய்யாவுக்குப் பயந்துதான் வரலைன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருக்கலாம்ல? அவ செத்தப்ப நான் சிங்கப்பூர்ல இருந்தேன். பத்து நாள் கழிச்சுத்தான் சேதி வந்துச்சு. ஊரு உலகமே கேட்ட பாட்டை, பெத்தவ கேக்காமலே போயிட்டா."

அவர் கையில் காப்பி ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. ஞானசெல்வி அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

"உங்கய்யா எப்பத் தவறுனாக?"

"போன மாசந்தான். கருமாதிக்குத்தான் இங்கன வந்தேன்."

"அப்ப இனிமே சொல்லலாம்" என்றாள் அவள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. "உங்க ஆத்தாவுக்குக் கால்ல ஆறாத புண்ணு இருந்துச்சு, ஞாபகமிருக்கா? வாராவாரம் வெள்ளிக்கிழமை நான்தான் போய் மருந்து கட்டுவேன். வெளியாள்ல உங்கய்யா வீட்டுக்குள்ள விட்டது என்னைய மட்டுந்தான்."

"தெரியும்க்கா. அதுக்கென்ன?"

"உங்கய்யா இருக்குற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு உங்க ஆத்தா என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாக, தம்பி. வியாழக்கிழமை என்னைய உன் கொட்டகைக்கு அனுப்புனதே அவுகதான். மறுநாள் நான் கட்டு மாத்தி முடிக்கிறதுக்குள்ள, நீ பாடுன பாட்டை ஒண்ணுவிடாம அவுக காதுல பாடிக் காட்டணும்."