பொத்திய கண்

ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலை வாசலில் சைக்கிள்கள் திமுதிமுவென்று வெளியே வருகின்றன. வெளிச்சம் மங்கிவிட்டது. "கண்ணப் பொத்திக்கோடி," என்கிறாள் கூட நடந்து வருகிற அண்ணி. உள்ளே வேலைக்குப் போகிற தையல்காரி உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தி மூடிக்கொண்டு, மறு கண்ணால் வழி பார்த்து நடக்கிறாள். எதிரே வெல்டரின் சைக்கிள் வருகிறது, அதன் வெள்ளை விளக்கு விடாமல் சிமிட்டுகிறது. வெல்டருக்கு ஒரு கண் இல்லை. போன வருஷம் கிரைண்டர் கல் உடைந்து தெறித்ததில் போய்விட்டது. அன்றிலிருந்து விடலைப் பயல்கள் அவனைக் கண்டால் இப்படித்தான் ஒரு கண்ணைப் பொத்திக் காட்டுகிறார்கள். அவள் கண்ணைப் பொத்தியிருப்பதைப் பார்த்ததும் வெல்டர் சைக்கிளைத் தரையில் எறிகிறான். "நீயுமா என்னை நக்கல் பண்றே? கையை எடுடி!" மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக் கீழே இழுக்கிறான். "யோவ் விடுய்யா! லைட்டை அணைய்யா!" அண்ணி டிபன் பாக்ஸாலேயே அவன் முதுகில் மொத்துகிறாள். பிடி தளரவில்லை. தரையில் கிடக்கிற சைக்கிளின் விளக்கு தையல்காரியின் இரண்டு கண்ணுக்குள்ளும் வெட்டி வெட்டி இறங்குகிறது. ஏதோ சொல்ல வாய் திறக்கிறாள். தாடை இறுகிப் பல் நாக்கைக் கடிக்கிறது. உடம்பு விறைத்து விழ, பின்மண்டை சிமெண்டில் மோதுகிறது, குதிகால்கள் தரையை உதைக்கின்றன. "சிமிட்டுற வெளிச்சம் பட்டா அவளுக்கு வலிப்பு வரும்யா! ஒரு கண்ண மூடினா தப்பிச்சுக்குவா, அதான் மூடினா!" என்று கத்துகிறாள் அண்ணி. வெல்டர் விளக்கின்மேல் பாய்கிறான். பொத்தான் அகப்படவில்லை. முஷ்டியால் குத்துகிறான், கண்ணாடி உடைந்து கை கிழிகிறது, விளக்கு அணையவில்லை. கடைசியில் இரண்டு கையாலும் அதைப் பொத்துகிறான். விரலிடுக்கில் அது இன்னும் சிவப்பாகத் துடிக்கிறது. இருக்கிற ஒரு கண்ணையும் அவன் இறுக மூடிக்கொள்கிறான்.