சீனியம்மாள் 10:42

"ஒரு எழுத்துகூட இல்லையா தாயி?"

மூன்றாவது தடவையாகக் கேட்கிறார் பெரியவர்.

"பேரு மட்டும் நிக்குது அண்ணாச்சி. உள்ள ஒண்ணுமில்ல."

போனில் ஜெபராணி. பட்டாசு ஆலைத் தீயில் பிழைத்த பதினேழு பெண்களிடம் வாக்குமூலம் கேட்டு, பெரியவர் எழுதிச் சும்மா கொடுத்த செயலியில் தட்டி வைத்தவள்.

நாளை விசாரணை.

பதினாறு பேரிடம் மறுபடி ஓடிப்போய்க் கேட்கலாம். சீனியம்மாள் போன வாரம் செத்துப்போனாள்.

அவர் படித்தது எட்டாம் வகுப்பு. மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிய கை. அறுபதுக்குமேல் தானே முட்டி மோதி நிரல் எழுதக் கற்றார். எல்லாக் கணினியிலும் ஓடும் என்று செயலியின் முகப்பில் போட்டார். கீழே தன் போன் நம்பர்.

எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தாரா?

இல்லை.

வீட்டில் லினக்ஸ் மட்டும். விண்டோஸை வாசப்படி ஏற விட்டதில்லை. மூடியைக் கழற்றிப் பார்க்க முடியாத மோட்டாரை எவன் நம்புவான்?

ஆளின் பெயரோடு நேரத்தையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயர் வைத்தது அவர்தான். மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே இரண்டு புள்ளி. அவருடைய கணினியில் ஒரு குறையும் வந்ததில்லை.

ஜெபராணியிடம் இருப்பது விண்டோஸ். அதற்கு அந்த இரட்டைப் புள்ளி ஆகாதாம். அதுவரை உள்ளதைப் பெயராக வைத்து வெறுங்கோப்பைக் காட்டுமாம். எழுதியதை அதன் முதுகுக்குப் பின்னால், கண்ணுக்குப் படாமல் ஒட்டி வைக்குமாம். கோப்பை அழித்தால் அதுவும் சேர்ந்து போகும்.

காலையிலிருந்து உட்கார்ந்து படித்துக் கண்டுபிடித்தது இவ்வளவுதான். கண் எரிந்தது.

"எதையும் அழிச்சிட்டியா?"

"ஆபீஸ்ல, காலிதானே, அழிச்சிருன்னாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேரு இருக்கே அண்ணாச்சி. பேரு இருக்கிறவள எப்படி அழிக்க?"

அவர் கண்ணைத் திறந்தார்.

மறைந்திருப்பதை வெளியே எடுக்க ஒரு துண்டு நிரல் எழுதி வைத்திருந்தார். அனுப்பினார்.

"இதையும் நான் ஓட்டிப் பாக்கல தாயி."

சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்தப் பக்கம் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பொத்தானைத் தட்டும் ஓசை.

பிறகு அவள் வாசித்தாள். மெதுவாக, யாரையோ எழுப்பிவிடாமல் வாசிப்பதுபோல.

"அன்னிக்கு எனக்கு லீவு. ஆள் பத்தல, வாடின்னு கூப்பிட்டாக..."

அவள் நிறுத்தவில்லை.

அவர் போனை வைக்கவில்லை. மேசைமேல் சாய்த்துவிட்டு, செயலியின் முகப்பைத் திறந்தார்.

எல்லாக் கணினியிலும் ஓடும் என்ற வரியை அழித்தார்.

நம்பரை விட்டுவைத்தார்.