உடைக்காத ஐநூறு

அமுதவல்லியின் பர்ஸில் ஒரு ஐநூறு ரூபாய் நோட்டும் ஒரு கிரெடிட் கார்டும் குடியிருந்தன.

மாதத்தின் முதல் நாள் மளிகைக் கடையில் அவள் நோட்டைப் பாதி வெளியே இழுத்தாள். "அரை லிட்டர் எண்ணெய்க்குப் போய் ஐநூறை உடைக்கணுமா? உடைச்சா கையில நிக்காது" என்று முணுமுணுத்து, உள்ளே தள்ளிவிட்டுக் கார்டை நீட்டினாள். கார்டுதானே என்று முந்திரியும் ஊறுகாயும் ஒரு பூப்போட்ட டப்பாவும் எண்ணெயோடு கூடவே வந்தன.

செருப்புக் கடையிலும் அதே கதை.

"உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு" என்றது கார்டு. "வெளிக்காத்தே படாம கிடக்கிறியே!"

"என்னைத் தொட்டா அவளுக்குக் கை கூசுது. உன்னைத் தொட்டா கூசலியே, அதுதான் எனக்குக் கவலை" என்றது நோட்டு.

"நல்லதுதானே? யாருக்கும் வலிக்கல."

"இப்போதைக்கு" என்றது நோட்டு.

மாதக் கடைசியில், கார்டுக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் கட்டச் சொல்லி போனில் செய்தி வந்தது. அமுதவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. பதறிப்போய் பர்ஸைத் திறந்தாள். மடிப்புக் கலையாத ஐநூறைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

"நல்லவேளை, இதையாவது உடைக்காம வெச்சேன்!"

நோட்டை இன்னும் பத்திரமாக, ஜிப் வைத்த உள்ளறையில் போட்டு மூடினாள்.

முன்னறை முழுக்கத் தனக்கே கிடைத்ததில், கார்டு வசதியாகக் கால் நீட்டிப் படுத்தது.